வலியில்லாத கையும் வலிக்கும் கையும்: ஒரு நன்கொடையின் வரலாறு

வாத நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும், அந்நோய்களுக்கு மருத்துவம் செய்வோரின் பயிற்சிக்கும் அறப்பணம் எவ்வழியே வந்து சேர்ந்தது என்று தேடிப் புறப்பட்டால், வாசகர்களே, தமிழ்நாட்டில் அந்தத் தடம் நம்மை ஒரு மலைமேல் கொண்டுபோய் நிறுத்துகிறது. அது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பல நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை அது. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறிவிடுகிறது. 1913இல் அந்தச் சாலை இல்லை. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும்.

அந்த ஆண்டில் மணம் புரிந்துகொண்ட ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் இம்மலையில் குடியேறினர். கணவர் ஜெஸ்ஸி பிராண்டு, மனைவி ஈவ்லின். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி லண்டனில் சிறிது காலம் பயிற்சி பெற்றவர், அவ்வளவே. ஆயினும் பல் பிடுங்கினார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார். காலில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி மெல்ல வெளியே எடுத்தார். தச்சு வேலையும் கற்றுக் கொடுத்தார். அவரை அனுப்பிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பெரிய செல்வ நிறுவனம் அன்று. இங்கிலாந்தின் சிறு சபைகளில் சேர்ந்த காணிக்கையே அதன் முதல்.

1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டு, ஒன்பது வயது வரை இம்மலையில் வளர்ந்து, 1923இல் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் உடனே மருத்துவம் படிக்கப் போய்விடவில்லை. சில ஆண்டுகள் கட்டடத் தொழில் பயின்றார்: கல் அடுக்குதல், மரம் இழைத்தல், கூரை போடுதல். பின்னரே லண்டனில் மருத்துவமும் அறுவை மருத்துவமும் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். பிற்காலத்தில் அவர் கையை நோக்கிய விதத்தில், கம்பியும் கப்பியும் நெம்புகோலும் தெரிந்த ஒரு கட்டடத் தொழிலாளியின் பார்வை இருந்தது என்றே நான் கருதுகிறேன். (தாயார் ஈவ்லினின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் மலைக்குத் திரும்பி, இடுப்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி ஊர் ஊராகச் சென்று, 1974இல் 95ஆம் வயதில் மறைந்தார்.)

வேலூர் மருத்துவமனையே நன்கொடையில் எழுந்ததுதான். ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் நிதி தேடியபோது, ஷெல் என்ற வங்கியாளர் ஒருவரே 10,000 டாலர் கொடுத்தார். மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்தார். 1902இல் திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு அந்த அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டது. இதில் குறை காண ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டடம், வாயிலில் ஒரு பெயர், படுக்கையில் நோயாளி என்றால் நன்கொடை கேட்பதும் எளிது, கொடுப்பதும் எளிது. "இந்த விரல் ஏன் மடங்குகிறது என்று ஐந்தாண்டு பார்க்கப் போகிறேன், விடை கிடைக்குமா என்று தெரியாது, பணம் கொடுங்கள்" என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பணம் திரட்டுவோர் எல்லா நாட்டிலும் எதிர்கொண்ட கேள்வி இது. பிராண்டும் எதிர்கொண்டார்.

1947இல் அவர் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தலைமை வகித்த ராபர்ட் காக்ரேன், தோல் நோயாகவே தொழுநோயைப் பார்த்துப் பழகியவர். கைகால்கள் கோணலான இத்தனை பேர் இருக்க, எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஒருவர்கூட இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவர் பிராண்டைக் குத்திக் காட்டினார். அன்று விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிராண்டு பற்றிக் குலுக்கினார். பிடி இரும்புப் பிடியாக இருந்தது! கோணலான கையில் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் வேலூர் திரும்பினார். நூற்றுக்கணக்கான கைகளை ஆராய்ந்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ள பெரிய தசைகள் நன்றாகவே இருந்தன. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆகவே முழங்கையருகிலும் மணிக்கட்டருகிலும் தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகளையே அது கெடுக்கிறது. ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பிவிடுகின்றன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாம் அல்லவா? 1948 முதல் வேலூரில் அவ்வாறு செய்யத் தொடங்கினர். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் மருத்துவமனையில் இதற்கு வரவேற்பு இல்லை. தொழுநோயாளிகளைப் பொது வார்டில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அக்காலத்தில் எங்கும் இருந்தது. பணமும் இல்லை. இன்னொரு சிக்கல் எவரும் எதிர்பாராதது. கை நேரான நோயாளி ஊருக்குப் போனால், கோணல் கை இல்லாததால் பிச்சை விழவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. சிலர் திரும்பி வந்து அதை முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

இவ்விடத்தில்தான் நம் வரலாற்றின் சிறிய நன்கொடை வருகிறது. ஒரு மிஷனரிப் பெண்மணி தந்த பணத்தைக் கொண்டு, 1950இல் கல்லூரி வளாகத்தின் குடியிருப்புப் பகுதியிலேயே, கிராமம் போன்ற ஒரு குடியிருப்பை அமைத்தனர். பெயர் நவஜீவ நிலையம். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கிப் புதிய கையால் தச்சு வேலையும் பொம்மை செய்தலும் கற்றனர். கொடுத்தவரின் எண்ணம் மறுவாழ்வு. அந்தக் குடிசைகள் ஓர் ஆராய்ச்சிக் கூடமாகவும் அமைந்துவிட்டன என்பதுதான் வியப்பு!

எப்படி என்று பாருங்கள். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் முழுவதும் நம்பியிருந்த காலம் அது. நிலையத்தில் இருந்தவர்களின் கைகளில் தோன்றிய ஒவ்வொரு கொப்புளத்துக்கும் காரணம் தேடி நாள்தோறும் குறித்துவரத் தொடங்கினர். சூடான பாத்திரம், ஆணி, கரடுமுரடான கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. இரவில் இருந்த விரல் நுனி காலையில் இல்லையென்றால் அதற்கும் காரணம் அகப்பட்டது: உணர்ச்சியற்ற விரலைத் தூக்கத்தில் எலி கடித்திருந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் ஆராய்ச்சி நிதியில் பூனைக்கும் பங்கு கிடைத்த இடம் வேறு உண்டா, தெரியவில்லை.

துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பிராண்டு முயன்றும் முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். விரலில் எலும்பு வரை வெட்டு; அவனுக்குத் தெரியவே இல்லை. நம்மில் எவரும் அவ்வளவு வலுவுடன் திருப்ப முடியும். வலி நம்மைத் தடுக்கிறது.

இங்கே இயற்பியல் புகுகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. ஒரு சாவியின் விளிம்பு விரலில் படும் பரப்பு அரைச் சதுர செ.மீ. என்றும், விரல் தரும் விசை 5 கிலோ எடைக்குச் சமம் என்றும் கொள்வோம். சதுர செ.மீ.க்கு 10 கிலோ. அதே சாவிக்கு 5 சதுர செ.மீ. பரப்பில் படும் தடித்த மரப்பிடி போட்டால் சதுர செ.மீ.க்கு 1 கிலோதான். பூட்டு திறக்கத் தேவையான வேலை மாறவில்லை, தோல் கிழியவில்லை. நவஜீவ நிலையத்தில் உளி, சுத்தி, இழைப்புளி எல்லாவற்றின் பிடிகளும் இந்தக் கணக்கின்படியே மாற்றப்பட்டன.

இனி வாத நோய்க்கு வருவோம். முடக்குவாதம் எனப்படும் நோய் நம் நாட்டில் ஆயிரம் பேரில் ஐந்தாறு பேருக்கு இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடலின் தற்காப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் மூட்டின் உள்ளுறை வீங்குகிறது. தொழுநோய்க் கையில் வலி இல்லை. இந்தக் கையிலோ வலி தாங்க முடியாது. நோய்க் காரணங்கள் வேறு வேறு. ஆனால் எலும்பு, நாண், மூட்டு ஆகியவற்றின் விசைக் கணக்கு இரண்டு கைகளுக்கும் ஒன்றே.

உங்கள் சுட்டுவிரலை நீட்டி அதன் நுனியில் ஒரு கிலோ எடையுள்ள பையின் வாரைத் தொங்கவிடுங்கள். விரலின் அடிமூட்டிலிருந்து நுனி வரை ஏறத்தாழ 9 செ.மீ. அதைத் தாங்கி நிற்கும் மடக்கு நாண்களோ அடிமூட்டின் அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில்தான் ஓடுகின்றன. திருப்புத்திறன் சமமாக வேண்டுமாயின் நாண்கள் ஏறத்தாழ 9 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் மூட்டின் குருத்தெலும்பை ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதே பையை விரலின் அடிப்பகுதியில், மூட்டிலிருந்து 3 செ.மீ. தொலைவில் மாட்டினால் 3 கிலோ போதும். வகுப்பில் நெம்புகோல் பாடத்தில் இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் மாணவர்கள் சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். அரை நிமிடத்தில் விரல் நடுங்கத் தொடங்கிவிடும்.

நலமான மூட்டு இதைத் தாங்கும். முடக்குவாதத்தில் மூட்டைச் சுற்றிய கட்டுநார்கள் தளர்ந்துவிடுகின்றன. நாணை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் வளையங்களும் தளர்கின்றன. அப்போது நாண், வில்லின் நாணைப் போல எலும்பைவிட்டு விலகி, விரலின் அடி எலும்பை உள்ளங்கைப் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் இழுத்துச் செல்கிறது. முடக்குவாதம் முற்றியவர்களின் விரல்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 1964இல் இந்தச் சாய்வில் மடக்கு நாண்களின் பங்கைக் கணக்கிட்டுக் காட்டினர். நோய் மூட்டைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ந்த மூட்டைக் கோணலாக்குவது நம் கையின் அன்றாட விசையே என்பது அதனால் தெளிவாயிற்று. இதனால்தான் இந்நோயாளிகளுக்குப் பாத்திரத்தை விரல் நுனியால் தூக்காதீர்கள், இரு உள்ளங்கையாலும் ஏந்துங்கள் என்றும், கரண்டிக்கும் சாவிக்கும் தடித்த பிடி போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். வலியில்லாத கைக்காக வேலூரில் செய்ததும் இதையே!

வேலூரில் கண்ட இன்னொன்று இறுகிப்போன விரலை நிமிர்த்தும் முறை. வலிந்து இழுத்தால் தசையும் தோலும் கிழிந்து, தழும்பாகி, முன்னைவிட இறுகும். மெல்லிய மாவுக்கட்டில் விரலைச் சற்றே நீட்டி வைத்துச் சில நாள் விட்டால், அந்த இலேசான தொடர் இழுப்புக்கு ஏற்ப உயிர்த்திசு தானே வளர்ந்துகொள்கிறது. மீண்டும் சற்று நீட்டிப் புதிய கட்டு. இப்படிக் கட்டு மேல் கட்டாக விரல் நிமிரும். செலவோ சிறிது மாவும் துணியும். ஆனால் பொறுமையான ஒரு பயிற்சியாளர் வேண்டும். ஆகவேதான் இந்தத் துறையில் பயிற்சிக்குக் கொடுத்த பணத்தை மருந்துக்குக் கொடுத்த பணத்துக்குக் குறைந்ததாக நான் எண்ணுவதில்லை.

பயிற்சிக்குப் பணம் வந்தது. 1952இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, மேலைநாட்டுக் கை அறுவை வல்லுநர்களையும் நரம்பு ஆராய்ச்சியாளர்களையும் நேரில் காணப் பிராண்டுக்குப் பயண உதவி அளித்தது. அதே ஆண்டு லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹன்டீரியன் பேராசிரியராக வேலூர் அனுபவத்தை அவர் எடுத்துரைத்தார். வேலூரை அடுத்த காரிகிரியில் அமெரிக்கத் தொழுநோய் அறநிறுவனத்தின் உதவியோடு ஷீஃப்லின் ஆராய்ச்சி மருத்துவமனை 1955இல் இயங்கத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்தும் அறுவை மருத்துவர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் இங்கே வந்து கற்றுச் சென்றனர். இவர்களுள் மறக்கக்கூடாதவர் மேரி வர்கீஸ். 1954இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இந்த இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் நிறுவினார். 1966இல் அதற்கென்று தனி நிலையம் திறக்கப்பட்டது.

அந்த 1966இல்தான் பிராண்டு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே முன்கைத் தசை ஒவ்வொன்றின் இழுவலுவையும் இழுப்புத் தொலைவையும் அளந்து, 1981இல் கூட்டாளிகளுடன் வெளியிட்டார். 1985இல் கையின் விசையியல் பற்றிய நூலை எழுதினார். தொழுநோயாளியின் கைக்காகத் தொடங்கிய அளவைகள், எந்தக் கைக்கும் பொருந்தும் பாடமாக அதில் அமைந்தன. முடக்குவாதக் கைக்கு நாண் மாற்றுவோரும் தாங்கு பட்டை செய்வோரும் இந்தக் கணக்கையே போட வேண்டியிருக்கிறது. அவர் 2003இல் மறைந்தார்.

அறப்பணம் வேறு விதமாகவும் பாயும். லண்டனைப் பாருங்கள். அங்கே வாத நோய் ஆராய்ச்சிக்கென்று 1936இல் எம்பயர் ருமாட்டிசம் கவுன்சில் என்ற அறநிறுவனம் தோன்றியது. அப்போது முடக்குவாதத்துக்குத் தங்கச் சத்துள்ள ஊசி போட்டு வந்தனர். அது உண்மையில் பயன் தருகிறதா என்பதில் மருத்துவர்கள் பிளவுபட்டிருந்தனர். இந்நிறுவனம் பணம் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு முழு அளவும் மற்றொரு பிரிவினருக்குப் பெயருக்கு ஓர் அணு அளவும் செலுத்தி ஒப்பிட்டது. 1960இல் முடிவு வெளியாயிற்று: தங்கம் பயன் தருகிறது. அந்தப் பணத்தால் ஒரு படுக்கைகூடக் கூடவில்லை. ஒரு சர்ச்சை தீர்ந்தது.

அடுத்து, மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடைகளை நிறுவிய குடும்பத்தில் பிறந்த மெட்டில்டாவும் அவர் கணவர் டெரன்ஸ் கென்னடியும் கொடுத்த பணத்தில் 1960களின் நடுவில் லண்டனில் கென்னடி வாத நோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. நம் லூதியானாவில் 1937இல் பிறந்த ரவீந்தர் மைனி அங்கே பணியாற்றினார். அவரும் மார்க் ஃபெல்ட்மனும், நோயுற்ற மூட்டில் டி.என்.எஃப். என்ற ஒரு புரதமே வீக்கத்துக்கு முன்னின்று வழிவகுக்கிறது என்று கருதினர். 1992இல் அதைத் தடுக்கும் மருந்தை 20 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். வீக்கம் வற்றியது! 1994இல் விரிவான ஒப்பாய்வு. 1999இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி. கென்னடி நிலையத்துக்குக் காப்புரிமை இருந்ததால் உலகெங்கும் விற்ற மருந்திலிருந்து உரிமைத்தொகை வந்து குவிந்தது. அந்த அறக்கட்டளை இன்று அப்பணத்தை வாத நோய் ஆராய்ச்சிக்கும் மருத்துவ மாணவர்களின் ஆராய்ச்சிப் பயிற்சிக்கும் கொடுத்து வருகிறது. நிலையம் 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

கொடுத்த பணம் பன்மடங்காகத் திரும்பி வந்து மீண்டும் ஆராய்ச்சிக்கே போகும் இந்த ஏற்பாட்டைக் கண்டு நான் வியக்கிறேன். ஆனால் அந்தத் தொகை யாருடைய பையிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அம்மருந்துகள் வந்த காலத்தில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்க முடியாத விலை. 2014இல் இவ்வகை மருந்துகளுள் ஒன்றான அடாலிமுமாபை அகமதாபாத்து நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் செய்து வெளியிட்ட பிறகும், மாதந்தோறும் அதை வாங்குவது ஏழைக்கு எளிதல்ல. வேலூர் வழியில் உரிமைத்தொகை ஒரு காசும் வரவில்லை. அதனால் அங்கே ஒவ்வோர் அடியிலும் புதிதாகக் கையேந்த வேண்டியிருந்தது. நல்ல பல வேலைகள் பணமின்றித் தாமதமாகியிருக்கும் என்பதிலும் ஐயமில்லை. மாறாக, அங்கே கண்ட எதையும் எந்த ஊர்த் தச்சரும் சக்கிலியரும் செய்துகொள்ள முடிந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் வாத நோய்களுக்குத் தனித்துறையை அரசுப் பணமே உருவாக்கியது, டாக்டர் ஏ.என். சந்திரசேகரன் அதை வளர்த்தெடுத்தார். வேலூரிலும் இன்று வாத நோய்த் துறை இயங்குகிறது, மேற்படிப்பும் உண்டு.

அந்தத் துறைகளிலிருந்து வெளியே வரும் நோயாளியின் சீட்டில் பல சமயம் மருந்துப் பெயர்களுக்குக் கீழே மூன்று எழுத்து இருக்கும்: எம்.சி.ஆர். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். 1950களில் வேலூரிலும் காரிகிரியிலும், உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தத்தைப் பரப்பிவிடும் பொருளைத் தேடிப் பல தோல்விகளுக்குப் பின் கண்டடைந்த நுண்துளை ரப்பர் அது. மிக மென்மையாக இருந்தால் எடை பட்டதும் தட்டையாகிப் பயனற்றுப் போகும். கடினமாக இருந்தால் மேடான இடத்தில் மட்டுமே அழுத்தும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் ஏறத்தாழ 15 சரியாக இருந்தது. முடக்குவாதத்தில் முன்பாதத்து எலும்புகள் துருத்தி நிற்பவர்களும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றியவர்களும், குதிகால் வலிக்காரர்களும் இன்று அணிவது அந்த ரப்பரையே. நம் ஊர்ச் செருப்புக் கடைகளில் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கும்போது கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதியளவு அமுங்கி, விட்டவுடன் முழுதாக எழ வேண்டும்.